வார்டு முன்னேற்றத்தில் மக்களின் பங்கு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கினை வாசித்தார்கள். மின்கட்டணம் சென்ற ஆண்டினைவிட ஏன் கூடியது என்று ஒருவர் கேட்டார். சந்தா பாக்கி வைத்திருப்போர் எத்தனை வீட்டார் என்று மற்றொருவர் கேட்டார். வெள்ளையடித்த செலவிற்கு ரசீது உண்டா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மூன்று கேள்விகளுக்கும் பொருளாளர் முகம் சுளிக்காமல் விடை கூறினார். மேடையில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. பள்ளிவாசல் கணக்கில் ஒரு ரசீதுக்கும் விளக்கம் கேட்கும் நாம், நமது வாசலில் செல்லும் சாக்கடைக்குச் செலவிடப்பட்ட பணத்தைப் பற்றி எவரிடமேனும், என்றேனும் கேட்டிருக்கிறோமா?

கணக்குக் கேட்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919 மற்றும் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம் என்று அங்கே இருந்தன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பொறுப்பிற்கு வர இயலாது என்பது அவர்கள் விதி. அந்த ஓலையில் பெண்களுக்கும் எளியோருக்கும் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுவதும் புகழத்தக்க ஏற்பாடு என்று நான் கூறவில்லை. ஆனால் கணக்கைப் பற்றிய அந்த ஒரு விதி இன்றும் எனக்குப் பிடிக்கும்.

நமது புதுக்கோட்டையின் கதை வேறு விதமானது. 1812ஆம் ஆண்டுத் தீவிபத்தில் கூரை வீடுகள் நிறைந்திருந்த நகரம் எரிந்த பின்னர், அகன்ற, நேரான வீதிகளுடன் அது மீண்டும் அமைக்கப்பட்டது. பின்னர் 1878 முதல் 1894 வரை திவானாகவும், இளவயது மன்னருக்காக ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்த சேஷையா சாஸ்திரியார் நகரைச் செப்பனிட்டார். பல்லவன்குளமும் புதுக்குளமும் அவர் காலத்தில் கவனம் பெற்றவை. இன்றைக்கும் வெளியூரிலிருந்து வருவோர் ராஜ வீதிகளின் நேர்த்தியைக் கண்டு வியக்கின்றனர். ஆயினும் இவையாவும் உத்தரவினால் நடந்தவை. அரண்மனை கட்டளையிட்டது, அதிகாரிகள் செய்தனர், மக்கள் வாழ்ந்தனர். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும், நமது உள்ளத்தில் அந்தப் பழக்கம் முற்றிலும் நீங்கவில்லை என்று நான் கருதுகிறேன். கவுன்சிலரை நாம் சின்னத் திவானாக நினைக்கிறோம். மனு கொடுப்போம், காரியம் நடந்தால் சால்வை போர்த்துவோம், நடக்காவிட்டால் ஏசுவோம்.

சட்டம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. 1992இல் நிறைவேறி, 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளை மக்களாட்சி அமைப்புகளாக அங்கீகரித்தது. அதன்படி 1996இல் தமிழகத்தில் தேர்தல் நடந்தது. ஆயினும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தலே நடைபெறவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் ஆட்சி செய்தனர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது அந்த இடைவெளியில்தான். மரங்கள் சாய்ந்து, மின்சாரமின்றி நாட்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, "நம் தெருவுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஒரு மன்ற உறுப்பினர் இல்லை. அந்த நாட்களை மறந்துவிட்டு, கவுன்சிலர் இருந்து என்ன பயன் என்று பேசுவது பொருந்தாது.

2022இல் இன்னொரு மாற்றமும் வந்தது. கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல் நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைப்பதற்கான விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சிகள் தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த பகுதி சபையில் அன்றைய முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். அப்பகுதியின் வாக்காளர் அனைவரும் அச்சபையில் அமர்ந்து பேசலாம். வார்டு குழுவிற்கு மன்ற உறுப்பினரே தலைவர். இதில் ஒரு குறையும் உண்டு. பகுதியின் பிரதிநிதியைப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் குறையுள்ள கதவாயினும் அது திறந்திருக்கும் கதவு. நாம் உள்ளே செல்லாதிருப்பதற்கு அக்குறையைக் காரணமாகச் சொல்லக்கூடாது.

2024இல் நமது நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 1912இல் தொடங்கிய நகராட்சிக்கு அது பெருமைதான். அவ்வேளையில் சுற்றியுள்ள ஊராட்சி மக்கள் சிலர், வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்ததும் நமக்குத் தெரியும். பெயர்ப் பலகை மாறியதனால் மட்டும் சாக்கடை ஓடிவிடாது என்பதை அவர்கள் நம்மைவிடத் தெளிவாகக் கண்டனர் போலும்.

இனி, என் தொழில் சார்ந்த ஒன்றைக் கூற அனுமதி வேண்டும். மழைக்காலம் வந்தால் மன்ற உறுப்பினரின் கைப்பேசியில் முதலில் வரும் கோரிக்கை எது? "கொசு மருந்துப் புகை அடிக்கச் சொல்லுங்கள்." வண்டி வரும், தெரு முழுதும் புகை சூழும், பிள்ளைகள் பின்னால் ஓடும், எல்லோருக்கும் மனநிறைவு. அன்பர்களே, அப்புகை பறக்கும் கொசுவில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடுவதேயில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நல்ல தண்ணீரைத்தான் நாடும். மாடியில் கிடக்கும் உடைந்த வாளி, பழைய டயர், மூடாத சிமெண்ட் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு இவைதான் அதன் பிறப்பிடம். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அச்சுழற்சி அறுந்துவிடும். தேய்த்தல் அவசியம். ஏனெனில் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். இப்பணியை எந்த மன்ற உறுப்பினரும் நம் வீட்டிற்குள் வந்து செய்ய இயலாது. அவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒரு தெருவில் பத்து வீட்டார் செய்து பதினோராவது வீடு செய்யாவிட்டால் பயனில்லை என்பதனை எடுத்துக்கூறி, தெருவையே ஒருநாள் ஒன்றுசேர்ப்பது. புகை வண்டி அனுப்புவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். தெருவைச் சேர்ப்பது கடினம், அதற்குக் கைதட்டல் இல்லை. நல்ல உறுப்பினர் எதனைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தெருவையே சேர்த்த ஒரு முன்னுதாரணம் தமிழகத்திலேயே இருக்கிறது. சென்னையை ஒட்டிய ஆலந்தூர், அன்று தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டிகள், நிலத்தடி நீரில் கலக்கும் கழிவு. 1996இல் நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி அவர்கள் பாதாளச் சாக்கடை அமைக்க முன்வந்தார். திட்டச் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அரசு மானியத்தையே எதிர்பார்த்துக் காத்திராமல், மக்களும் பங்கு தர வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய் வைப்புத் தொகை. அக்காலத்து 5,000 ரூபாய் ஒரு நடுத்தரக் குடும்பத்திற்குச் சிறிய தொகையன்று. குழாய் பதிக்கப்படுவதற்கு முன்பே அதைச் செலுத்த வேண்டும். யார்தான் கொடுப்பார்?

கொடுத்தனர். ஏனென்றால் முதலில் கருத்துக் கணிப்பு நடத்தி, தங்களுக்குச் சாக்கடை வேண்டுமா, அதற்குப் பணம் தருவீர்களா என்று மக்களிடமே கேட்டனர். பின்னர் குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசினர். மன்ற உறுப்பினர்கள் சங்கத்தாரோடு வீடு வீடாக ஏறி இறங்கினர். எங்கே குழாய் செல்லும், எவ்வளவு மாதக் கட்டணம் வரும் என்பதை மறைக்காமல் கூறினர். 2000ஆம் ஆண்டு பணி தொடங்கிற்று. பெருங்குடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்துவிட்டது. ஆயினும் நகர நிர்வாகம் பயில்வோர் இன்றும் அதனைப் பாடமாகப் படிக்கின்றனர். என் பார்வையில் அங்கே தொகையைவிடப் பெரியது ஒன்று நடந்தது. பணம் கொடுத்தவர்கள் பின்னர் சும்மா இருக்கவில்லை. தெருவில் குழி தோண்டியபோது அருகில் நின்று பார்த்தனர், கேள்வி கேட்டனர். நமது பின்வரிசைச் சகோதரர் ரசீது கேட்டதைப் போல!

அது பெருநகரத்துச் சங்கதி, நம் ஊருக்கு ஒத்துவராது என்று எவரேனும் எண்ணலாம். 1991ஆம் ஆண்டினை நினைவூட்ட விரும்புகிறேன். நமது மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி இரவில் பாடம் சொன்னார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்கப்பட்டது. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டினர். நமது சமுதாயத்து இளம் பெண்களும் அவர்களில் இருந்தனர். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதன் மூலம் உலகமே அதனை அறிந்தது. இவையெல்லாம் நடந்தது நம் மண்ணில்.

தாய்மார்களே, அன்று கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாது சைக்கிள் ஏறிய தலைமுறை தங்களுடையது. இன்று நகர மன்றங்களில் இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 2022 தேர்தல் அவ்வாறே நடந்தது. ஆனால் பல ஊர்களில் பெண் உறுப்பினர் வீட்டில் இருக்க, அவருடைய கணவரோ சகோதரரோ அலுவலகத்தில் அமர்ந்து மனு வாங்குகின்றனர். நமது வார்டு உறுப்பினர் அவர்கள் தாமே இங்கு வந்து அமர்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. குடிநீர் எந்நேரம் வருகிறது, எவ்வளவு கலங்கி வருகிறது என்பதை ஆண்களைவிட அறிந்தவர்கள் தாங்களே. ஆகவே பகுதி சபைக்குத் தாங்களே செல்லுங்கள், எங்களை அனுப்பாதீர்கள்.

நிதியைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு நாமே திட்டம் 1997-98 காலத்தில் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு மீண்டும் வந்தது. பணியின் மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கினை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு ஏற்கும் என்பது அதன் அடிப்படை. வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் காட்டத்தக்க வழி இது. ஆனால் அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம், தெரு முனையில் ஒட்டப்படும் கணக்கு ஆகியவை இல்லாமல் ஒரு ரூபாயும் வசூலிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வார்டு என்பது மஹல்லா அன்று. சாக்கடை பள்ளிவாசல் தெருவிலிருந்து கோவில் தெருவுக்கும், அங்கிருந்து குளத்திற்கும் செல்கிறது. நாம் தனியாகச் சென்று நம் தெருவிற்கு மட்டும் கேட்டால், தண்ணீர் அடுத்த தெருவில் தேங்கும். பின்னர் அவர்கள் தனியாகச் சென்று கேட்பர். குடும்பப் பதிவேடும், சந்தாப் பழக்கமும், அழைத்தவுடன் கூடும் வழக்கமும் நம்மிடம் உள்ளன. அந்த வலிமையை ஜமாஅத்தின் பெயரால் அல்லாமல், அண்டை வீட்டார் அனைவரோடும் சேர்ந்து, வார்டுவாசிகளாகப் பயன்படுத்த வேண்டும். மன்ற உறுப்பினர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் எழுப்பப்படும் ஒவ்வொரு கோரிக்கைக்கும், முடியும் என்றோ, முடியாது என்றோ, எப்போது என்றோ அடுத்த கூட்டத்தில் விடை வாசியுங்கள். முடியாது என்ற விடையையும் மக்கள் பொறுத்துக்கொள்வர். விடையே வராவிட்டால் மூன்றாவது கூட்டத்திற்கு எவரும் வரமாட்டார்கள்.

நமது தெருவிலிருந்து குளத்திற்குச் செல்லும் மழைநீர் வாரியின் வரைபடத்தை இளைஞர்கள் மூவர் நடந்தே அளந்து தயாரித்துள்ளனர். எங்கெங்கு அடைபட்டுள்ளது, எங்கே கழிவுநீர்க் குழாய் திருப்பிவிடப்பட்டுள்ளது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு திருப்பிவிடப்பட்டவற்றில் நமது பள்ளிவாசலின் ஒளுத் தண்ணீர்க் குழாயும் ஒன்று. அதனை முதலில் நாம் சரிசெய்துவிட்டு, வரைபடத்தோடு பகுதி சபைக்குச் செல்வது என்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளதாகத் தலைவர் அவர்கள் என்னிடம் தெரிவித்தார்கள். படம் வாசலருகே மேசைமீது உள்ளது. தங்கள் வீட்டருகே ஏதேனும் விடுபட்டிருந்தால், செல்லும்போது பென்சிலால் குறித்துவிட்டுச் செல்லுங்கள்.