முதுமையும் மிதிவண்டியும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆனால் பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் வாழும் நம் குடும்பங்களில், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கே போய் நிற்கிறது? சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, முழங்கால் வலி எப்படி என்பதில்தானே நிற்கிறது? மொழியைக் காக்கச் சங்கம் கண்ட நாம், அம்மொழியைப் பேசும் உடலையும் காத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இப்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

மிதிவண்டி நமக்குப் புதியதன்று. 1949-ஆம் ஆண்டில் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகள் தென்னாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றன. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் பால் கேன்களைச் சுமந்தது சைக்கிள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு முறைவேலைக்குச் சென்றவர்களைக் கொண்டுசேர்த்தது சைக்கிள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, இருக்கைக்கு எட்டாத வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் முகமலர்ச்சியே அதைச் சொல்கிறது.

மலைப்பகுதியின் கதை சற்று வேறு. மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களிலும், வண்டன்மேடு, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலும் உழைத்தவர்களுக்கு மலையே உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது. கொழுந்து நிரம்பிய சுமையோடு சரிவில் ஏறி இறங்கிய தாய்மார்களுக்கு எவரும் தேகப்பயிற்சி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் என்ன நேர்ந்தது? சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. பிள்ளைகள் படித்து உயர்ந்தார்கள். நமக்கும் ஓய்வு வந்தது. அன்று வேலை நின்றது. ஆனால் சோற்றின் அளவு நின்றதா? எட்டு மணி நேரம் உழைத்த உடலுக்கு இட்ட அதே சோற்றை, எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலுக்கும் இடுகிறோம். மிச்சமெல்லாம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கிறது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கோடிகளில் நம் காலனி வீடுகளும் அடங்கும்.

“இனி இந்த வயதில் என்ன செய்வது?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடையாக இருவரைச் சொல்கிறேன்.

உருசிய நாட்டுப் பேரறிஞர் டால்ஸ்டாய், அறுபதைக் கடந்து ஆறேழு ஆண்டுகள் ஆன பின்னர், 1895-இல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவருடைய இளைய மகன் இறந்துபோன ஆண்டு அது. உலகமே போற்றிய முதியவர் ஒருவர், துயரம் நிறைந்த காலத்தில், இளைஞரோடு இளைஞராக வண்டி பழகினார்.

மற்றொருவர் பிரான்சு நாட்டின் இராபர்ட் மார்ஷான். 1911-இல் பிறந்தவர். தீயணைப்பு வீரராகவும் மரம் வெட்டுபவராகவும் உழைத்துப் பிழைத்தவர். இளமையில் விட்ட சைக்கிளை 67-ஆம் வயதில் மீண்டும் எடுத்தார். நூறு வயதில், 2012-இல், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓட்டினார். அதன்பின் முறையாகப் பயிற்சி செய்து, 2014-இல், 102-ஆம் வயதில், அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த இரண்டாண்டுகளில் அவருடைய உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் 13 விழுக்காடு உயர்ந்திருந்ததை அறிவியலார் அளந்து கண்டனர். நூறு வயதுக்கு மேல் வளர்ச்சி! அவர் செய்த பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவான ஓட்டம். ஒரு பங்குதான் கடும் முயற்சி. 2021-இல், 109-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் ஒருவர் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 55 முதல் 79 வயது வரையுள்ள, நெடுங்காலமாகச் சைக்கிள் ஓட்டிவந்த 125 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவுகளின்படி, அவர்களுடைய தசைகள் வயதுக்கேற்ப நலிந்துவிடவில்லை. நோயை எதிர்க்கும் சில அணுக்களை அவர்களுடைய உடல் இளைஞரின் உடலைப் போலவே ஆக்கிக்கொண்டிருந்தது. முதுமை என்று நாம் பெயரிட்டுப் பொறுத்துக்கொள்பவற்றுள் பெரும்பகுதி, அசையாமல் இருப்பதன் விளைவு என்பதே இதன் பொருள்.

நடை போதாதா என்று கேட்கலாம். நடை மிக நன்று. ஆனால் எடை கூடியவர் நடக்கும்போது உடலின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தை இருக்கை தாங்குகிறது. முழங்கால் தேய்வால் நடக்க அஞ்சுபவர்க்கும் இது பெரும்பாலும் இயலும். இதயமும் நுரையீரலும் தொடைத் தசையும் உறுதிபெறுகின்றன. தசை உழைக்க உழைக்க இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. பாரம் தாங்காத உழைப்பாதலின் எலும்பை இது அவ்வளவாக வலுப்படுத்தாது. ஆகவே சிறிது நடையையும், வாரம் இருமுறை நாற்காலியில் அமர்ந்து எழுவது போன்ற வலுப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எடையைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் மெல்ல ஓட்டினால், சும்மா அமர்ந்திருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 100 கலோரி மிகுதியாகச் செலவாகும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 500. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோ குறைய 15 வாரங்கள்! அதுவும், ஓட்டி முடித்துத் தேநீர்க் கடையில் இறங்கி ஓர் உளுந்து வடை உண்ணாமல் இருந்தால்தான். வடை ஒன்று அன்றைய உழைப்பைத் தின்றுவிடும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டா. இரண்டு உண்மைகளை நினைவில் வையுங்கள். ஒன்று, எடை குறையும் முன்னரே நலம் வந்துவிடுகிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறையும். உறக்கம் நன்கு வரும். வயிற்றுக்கொழுப்பு கரையத் தொடங்கும். ஆகவே எடைக்கருவியை நாள்தோறும் பார்த்து வருந்தாமல், மாதம் ஒருமுறை ஒரு கயிற்றால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டினர்க்கு மருத்துவர் கூறும் எல்லை. இரண்டாவது, எடையைக் குறைக்கும் வேலையில் சைக்கிளுக்குச் சோற்றுத்தட்டு துணை நிற்க வேண்டும். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி காயைக் கூட்டுங்கள். தேநீரில் சர்க்கரையை விடுங்கள். முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பார்க்கு மருந்தே வேண்டா என்ற கருத்தை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தார். நாமோ அக்குறளை மேடையில் ஒப்பித்துவிட்டு விருந்துக்கு விரைகிறோம்!

எப்படித் தொடங்குவது? முதலில் மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், அடங்காத இரத்த அழுத்தம் உடையவர்கள் அவர் இசைவின்றி ஏறக்கூடாது. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்பவர்கள் சட்டைப்பையில் சிறிது கற்கண்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே நிறுத்தி வாயிலிடுங்கள்.

வண்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. குறுக்குக்கம்பி தாழ்ந்த வண்டி முதியோர்க்கு நல்லது. ஏறுவதும் இறங்குவதும் எளிது. பழகும் நாட்களில் கால் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்தி வையுங்கள். பழகிய பின், பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். இருக்கை தாழ்ந்தே இருந்தால் முழங்கால் வலிக்கும். குற்றம் சைக்கிள்மேல் விழும். பெடலை அழுத்தி மிதியாமல், இலேசாகவும் விரைவாகவும் சுழற்றுங்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் அரை மணி நேரம் ஆகிவிடும். வாரத்திற்கு ஐந்து நாள் என்றால் 150 நிமிடம்; உலக நலவாழ்வு நிறுவனம் குறைந்த அளவாகக் கூறுவதும் அதுதான். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

பாலக்காட்டுப் பகுதியினர் பேறு பெற்றவர்கள். சமநிலமும் வாய்க்கால் கரைப் பாதைகளும் உங்களுக்கு உண்டு. ஆனால் கணவாய்க் காற்றை மறந்துவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் வாளையாறு வழியே கிழக்கிலிருந்து வீசும் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். அப்போது காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள். மாறிச் செய்தால், களைத்த உடலோடு எதிர்க்காற்றில் வீடு திரும்ப வேண்டிவரும். பங்குனி, சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மலைநாட்டினர் வேறு முறை கொள்ள வேண்டும். போடிமெட்டு, பூப்பாறை போன்ற சரிவுகள் முதியவரின் பயிற்சிக்களம் ஆகமாட்டா. சற்றுச் சமமான தோட்டப்பாதையையோ விளையாட்டுத் திடலையோ தேர்ந்துகொள்ளுங்கள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் இழிவில்லை. எலும்புக்கு வேண்டிய நடை அங்கே கிடைத்துவிடுகிறது. இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்துங்கள். பனிமூட்டத்திலும் மழையிலும் வண்டியை எடுக்க வேண்டா. வசதியுள்ளவர்கள் மின்கலம் பொருத்திய சைக்கிளை நாடலாம்; ஏற்றத்தில் அது தோள்கொடுக்கும், ஆனாலும் மிதிக்கும் உழைப்பு நமதாகவே இருக்கும். எங்கு ஓட்டினாலும் தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம்.

இனித் தாய்மார்களுக்கு ஒரு சொல். “இந்த வயதில், சேலை கட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்க…” என்று தயங்குவீர்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயல்வேலை செய்தவர்களும் கல்லுடைத்தவர்களுமாகப் பல்லாயிரம் பெண்கள் வண்டி ஏறினார்கள். மகளிர் வண்டி கிடைக்காதபோது ஆடவர் வண்டியையே ஓட்டினார்கள். முதலில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. வண்டிகள் பெருகப் பெருக ஏளனம் அடங்கிற்று. தனியாக ஒருத்தி ஓட்டினால் வேடிக்கை. இருபது பேர் ஓட்டினால் வழக்கம்.

ஆடவர்க்கும் ஒரு நாணம் உண்டு. “மகன் கார் வாங்கிவிட்டான், அப்பன் சைக்கிளில் போவதா?” என்பதே அது. அன்று சைக்கிளில் போனது வறுமையினால். இன்று போவது அறிவினால். மகன் வாங்கிய காரில் மருத்துவமனைக்குப் போவதைக் காட்டிலும், சைக்கிளில் நூலகத்துக்குப் போவது அந்த மகனுக்கே பெருமை.

நாணத்தைப் போக்கும் மருந்து கூட்டுறவுதான். ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஐக்கிய நாடுகள் அவை 2018-இல் சூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. ஆனால் அந்நாளில் நம் பகுதியில் மழை கால்வைத்துவிடும். ஆதலின் தைப்பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நம் தொடக்க நாளாகக் கொள்வோம். இளைஞர்கள் ஓய்ந்து கிடக்கும் வண்டிகளைத் துடைத்து, பிரேக்கும் செயினும் சரிபார்த்துத் தரட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், பழகாத பெரியோர்க்கும் தாய்மார்க்கும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உடன் ஓடட்டும். அன்று நாம் அவர்களுக்குச் செய்ததை இன்று அவர்கள் நமக்குச் செய்யட்டும். பத்துப் பேர் சேர்ந்தால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பத்துப் பேரின் இடுப்பளவையும் மூச்சின் எளிமையையும் இம்மேடையில் கேட்டறிவோம்.

பிறந்த ஊரை விட்டு வந்து, உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் நீங்கள். எஞ்சியுள்ள ஆண்டுகளைப் பிறர் கையைப் பிடித்துக்கொண்டு கழிக்காமல், உங்கள் கால்களாலேயே கடக்க வேண்டும் என்பதே என் வேட்கை.