முகத்தில் குற்றமில்லை

(இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்குமான ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கேமரா பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போட்டோ தொழில் செய்கிறவன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர் வேலை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து, பாஸ்புக்கில் ஒட்டியிருக்கிற படத்தையும் எதிரே நிற்கிற ஆளையும் மாறி மாறிப் பார்க்கிற வேலை அது. முதியோர் பணம் எடுக்க நம்ம கிழவிகள் வருவார்கள். படத்தில் ஒன்று கரிக்கட்டைக்கு நடுவில் இரண்டு கண் இருக்கும். இல்லையென்றால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்த ஒரு முகம் இருக்கும். இரண்டுமே எதிரே நிற்கிற பொம்பளை இல்லை. "ஏம்மா, இது நீங்கதானா?" என்று நானே கேட்டிருக்கிறேன். நம்ம தெருவிலிருந்து போன நானே கேட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினேன். முதல் படம் எங்க ஆயாவை எடுத்தேன். வெள்ளையடித்த சுவர், திண்ணை, மத்தியான வெயில். ஆட்டோவில் வைத்து எடுத்தேன். சுவர் அழகாக விழுந்தது. ஆயா முகம் இருட்டு. மூக்கு எது, கன்னத்துச் சுருக்கம் எது, ஒன்றும் தெரியவில்லை. பிரிண்ட் போடுகிற கடையில் கேட்டேன். "கறுப்பா இருக்கிறவங்கள எடுத்தா இப்படித்தான் விழும் சார். வெளுத்துத் தரவா?" என்றார். தரச்சொன்னேன். வீட்டுக்கு வந்து மெமரி கார்டை அழித்துவிட்டேன். அடுத்த தை மாசம் ஆயா போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு எங்க வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற முகம் எங்க ஆயாவுடையது இல்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். படம் கெட்டுப்போனால் முகத்தைக் குற்றம் சொல்லாதே. கருவியைக் கேள்வி கேள்.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கோடாக் கம்பெனி, படம் கழுவுகிற கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி. அதுதான் அளவுகோல். கறுப்புத் தாய்மார்கள் பள்ளிக்கூடப் படத்தில் தங்கள் பிள்ளை முகம் தெரியவில்லை என்று குறைப்பட்டபோது ஃபிலிம் மாறவில்லை. மரச்சாமான் கம்பெனிக்காரனும் சாக்லேட் கம்பெனிக்காரனும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் கவனித்தார்கள். லோர்னா ரோத் என்ற ஆய்வாளர் 2009இல் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த மரியாதை மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. 1970இல் போலராய்ட் கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கறுப்பர்களைக் கட்டுப்படுத்தும் 'பாஸ்' புத்தகத்துக்குத் தங்கள் கம்பெனிக் கேமரா பயன்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். துண்டறிக்கை ஒட்டினார்கள், புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். ஹண்டருக்கு வேலை போனது. ஆனால் 1977இல் போலராய்ட் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கேமரா யார் கையில், யாருக்காக என்பது அரசியல் என்று அவர்கள் காட்டினார்கள்.

சரி, இப்போது நம்ம கையில் இருக்கிற டிஜிட்டல் கேமராவுக்கு வருவோம். அதற்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்று இருக்கிறது. எதிரே இருப்பது சுவரா, எருமையா, மனுசனா என்று அதற்குக் கவலையில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால் 'வெளிச்சம் ரொம்ப அதிகம்' என்று குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். எங்க ஆயாவுக்கு நடந்தது இவ்வளவுதான். இதற்கு மருந்து கேமராவிலேயே இருக்கிறது. பிளஸ், மைனஸ் போட்ட ஒரு பொத்தான். பிளஸ் 1 வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு, பிளஸ் 2 வைத்தால் நாலு மடங்கு. வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, பின்னால் வானம் இருந்தால் பிளஸ் 1இல் ஆரம்பியுங்கள். முகத்தைப் பாருங்கள். சுவர் வெளுத்துப் போனால் போகட்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. முகத்தை மட்டும் அளக்கிற 'ஸ்பாட்' முறையில் வைத்தால், கறுத்த முகத்தையும் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். அதாவது வெளுக்க வைக்கும். அங்கே மைனஸ் முக்கால், மைனஸ் 1 என்று குறைக்க வேண்டும். வெளுப்பதும் பிழைதான் தோழர்களே. போனில் எடுக்கிறவர்கள் முதலில் 'பியூட்டி' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். கூகுள் கம்பெனி 2021இல் பிக்ஸல் 6 போனுக்கு, கறுத்த தோல் ஒழுங்காக விழுவதற்கென்றே தனியாக வேலை செய்ததாக அறிவித்தது. அதுவரைக்கும் ஒழுங்காக விழவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

வெயிலில் நின்று பின்பக்கத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். மேடு முழுக்க இடதுபக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் படம் இருட்டு. 'ரா' கோப்பாகவும் சேர்த்து எடுத்துக்கொண்டால், இருட்டில் மறைந்த முகத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம். நான் அழித்த படத்தை அப்படி மீட்டிருக்கலாம்.

புதிதாக எடுக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற மற்ற சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன்.

'படம் கலங்கலா இருக்குண்ணே.' எப்படிக் கலங்கல் என்று பாருங்கள். எல்லாமே ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஆள் கலங்கி, பின்னால் இருக்கிற மரம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பறையடிக்கிற கையை உறைய வைக்க 1/500 வேகமாவது வேண்டும். குச்சி ஓடுகிற ஓட்டம் தெரியணும் என்றால் 1/60 போதும். ஃபோகஸ் புள்ளியைக் கேமரா தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஒரே புள்ளி வைத்துக் கண்மேல் போடுங்கள்.

'ராத்திரியில் புள்ளி புள்ளியா விழுது.' விழட்டும். ஐஎஸ்ஓ 3200, 6400 வரைக்கும் தைரியமாக ஏற்றுங்கள். எரிகிற குடிசையை எடுத்த படத்தில் புள்ளி இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. யார் ஓடுகிறான் என்று தெரியாமல் கலங்கியிருந்தால்தான் கேட்பார்கள்.

'மண்டபத்தில் எடுத்தால் கோடு கோடா விழுது.' நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை 1/100க்கோ 1/50க்கோ கொண்டுவாருங்கள், கோடு போய்விடும்.

'லென்ஸ் எரர் காட்டுது.' பயந்து கடைக்கு ஓடாதீர்கள். கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கிற உலோகப் பொட்டுகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

'கார்டில் படமெல்லாம் காணோம்.' இதுதான் முக்கியம். அந்த நிமிஷமே அந்தக் கார்டில் எடுப்பதை நிறுத்துங்கள். ஃபார்மட் கேட்டாலும் போடாதீர்கள். வேறு கார்டு மாற்றுங்கள். காணாமல் போன படம் பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும், மேலே வேறு படம் எழுதினால்தான் சாகும். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் மீட்டுத் தரும்.

இனி வாங்குவது பற்றி. கடனில் புதுக் கேமரா வாங்காதீர்கள். தவணைத் தேதி எப்படி வரும் என்று வங்கியில் இருக்கிறவன் சொல்கிறேன். இப்போது கம்பெனிகள் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பத்து வருஷப் பழசும் நம்ம பத்திரிகையில் அச்சடிக்கப் போதுமானதுதான். வாங்கும்போது நாலு சோதனை செய்யுங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலைக் கேமராவுக்குப் பொதுவாக ஒரு லட்சம் என்பார்கள். அபெர்ச்சரை எஃப்/16இல் வைத்து வானத்தை எடுத்துப் பாருங்கள். கறும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்; சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மிச்சக் காசை லென்ஸில் போடுங்கள். கேமராவோடு வருகிற 18-55 லென்ஸ், முழுக்க இழுத்த நிலையில் எஃப்/5.6 தான் திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். ஒற்றை பல்பு எரிகிற வீட்டுக்குள் அதுதான் ஃபிளாஷ். ஆனால் சிறிய சென்சார் கேமராவில் 50 ரொம்ப நெருக்கிக் காட்டும். நம்ம வீட்டில் பின்னால் நகர இடம் ஏது? சுவர் இடிக்கும். வீட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் 35 அல்லது 24 பாருங்கள். நிக்கானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இல்லை. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு கேமரா போதும். நாலு பேர் சேர்ந்து வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

இதெல்லாம் எதற்கு? அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதற்கும் முன்னால் 1893இலேயே ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். அடுத்தவன் அச்சகத்தில் நம்ம சேதி வராது என்று தெரிந்து, தானே பத்திரிகை நடத்தினார்கள். கேமராவும் அதே வரிசையில் வருகிற கருவிதான்.

வன்கொடுமை நடந்த இடத்துக்கு ஓடுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். முதலில் தூரத்திலிருந்து இடம் முழுக்க, பிறகு நடுத்தர தூரம், பிறகு கிட்டத்தில் என்று எடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள், கார்டை அப்படியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிந்த தேதி விவரமும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை மாதிரியான 'ஹாஷ்' எண்ணும் அதில் எழுத வேண்டும். பழைய சட்டத்தின் 65-பி பிரிவுக்குப் பதிலாக வந்தது இது. வக்கீல் தோழர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, இந்த வழக்குகளின் நடவடிக்கைகளை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்குவதும் நம்ம வேலை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடாதீர்கள். சட்டப்படியும் குற்றம், அறத்தின்படியும் குற்றம்.

ஆனால் பிணத்தையும் எரிந்த கூரையையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் நாமும் அவர்கள் அட்டையைத்தான் நிரப்புகிறோம். கறுப்பினக் கலைஞர் கோர்டன் பார்க்ஸ் தன் முதல் கேமராவை அடகுக் கடையில்தான் வாங்கினார். 1942இல் வாஷிங்டனில் அரசு அலுவலகம் கூட்டுகிற எல்லா வாட்சன் என்ற பெண்ணை, துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். அதோடு விடவில்லை. அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் போய், பேரப்பிள்ளைகளோடும் எடுத்தார். நம்ம பக்கத்தில் மீன் விற்கிற தாயின் மகன் எம். பழனிக்குமார், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழிச் சாவுகளை எடுத்த அதே ஆள், தன் அம்மாவின் உழைப்பையும் எடுத்தார். கேட்டு எடுங்கள், எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஒரு பிரிண்ட் கையில் கொடுங்கள். நம்ம வீடுகளில் செத்தபிறகு மாட்டுகிற படம்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறபோது மாட்டுகிற படம் வேண்டும்.

போன பொங்கலுக்கு எங்க அம்மாவை அதே திண்ணையில் உட்கார வைத்தேன். அதே சுவர், அதே வெயில். பிளஸ் 1 வைத்து எடுத்தேன். பிரிண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தது. "எங்க மாமியா சாயல் எனக்கு வந்துடுச்சு பாரேன்" என்றது. ஆயாவுக்கும் அம்மாவுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரே வயக்காட்டில், ஒரே வெயிலில் நின்ற சாயல் அது. முதல் தடவையாக ஒரு படத்தில் அது தெரிந்தது.

அவ்வளவுதான் தோழர்களே. சாப்பிட்டுவிட்டுக் கேமராவோடு தெருவுக்குப் போவோம். போவதற்கு முன்னால் தேதி சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. ஜெய்பீம்.