இருதயத்தின் கடிவாளம்



திருவனந்தபுரம் தம்பானூரில், பேருந்து நிலையத்துக்கு அருகே, லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த காபி ஹவுஸ் ஒன்று உண்டு. செங்கல்லால் எழுந்த வட்ட வடிவான அக்கட்டடத்தினுள், சுருண்டு சுருண்டு மேலே செல்லும் சரிவுப் பாதையின் ஓரத்திலேயே மேசைகள் அமைந்திருக்கின்றன. இரயிலைவிட்டு இறங்கிய பயணி ஒருவர், கையில் பெட்டியுடன் அச்சரிவில் ஏறிச் சென்று அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறுமுன் நிமிஷத்திற்கு 70 முறை துடித்த அவரது நாடி, ஏறும்போது 100ஐத் தாண்டுகிறது. அமர்ந்தபின் படிப்படியாகத் தணிகிறது. விரைவாகத் துடி என்றோ, இனி அடங்கு என்றோ அவர் தம் இருதயத்துக்குக் கட்டளையிடவில்லை. அவ்வாறாயின், கட்டளையிட்டது யார்? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். துடிப்பதற்கு இருதயத்திற்கு எவருடைய ஏவலும் தேவையில்லை. அதன் வலப்பக்க மேலறையில் சைனஸ் முடிச்சு என்று வழங்கும் சிறிய தசைப்பகுதி ஒன்று உள்ளது. துடிப்புக்கான மின்தூண்டல் அங்கேதான் பிறக்கிறது. நரம்புகள் யாவற்றையும் நீக்கிவிட்டாலும் அம்முடிச்சு ஓயாது. நிமிஷத்திற்குச் சுமார் 100 முறை துடிப்பை எழுப்பும். அங்ஙனமாயின் ஓய்வாக இருக்கும்போது நாடி 70 ஆக இருப்பது ஏன்? ஓடத் துடிக்கும் குதிரையை ஒரு கை இழுத்துப் பிடித்திருக்கிறது. மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி வரும் வேகஸ் நரம்பே அக்கை.

தண்டுவடத்திலிருந்து வரும் பரிவு நரம்புகள் இதற்கு எதிரான தொழிலைச் செய்கின்றன. துடிப்பின் வேகத்தையும் வலிமையையும் அவை கூட்டுகின்றன. நம் பயணி சரிவில் காலெடுத்து வைத்தவுடன், முதலில் வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது. அதன் விளைவு ஓரிரு துடிப்புகளுக்குள் தெரிந்துவிடும். பரிவு நரம்புகளின் வேலை சில விநாடிகள் கழித்தே தலைகாட்டும். கடிவாளம் தளர்ந்த பிறகே சாட்டை வருகிறது.

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இருதயம் நின்றுவிடும் என்பதை ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1845ஆம் ஆண்டில் காட்டினர். நரம்பு எவ்வாறு தன் ஆணையைத் தெரிவிக்கிறது என்னும் வினாவுக்கு 1921இல் ஆட்டோ லோவி விடை கண்டார். ஒரு தவளையின் இருதயத்திற்குரிய வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விருதயத்தில் இருந்த உப்புக் கரைசலை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் இட்டார். எந்த நரம்பும் தீண்டாத அந்த இரண்டாவது இருதயமும் மெதுவாயிற்று. நரம்பின் நுனியில் சுரக்கும் ஒரு இரசாயனப் பொருளே தூதன் என்பது விளங்கிற்று. அதுவே அசிட்டைல்கோலின். இவ்வாராய்ச்சிக்காக 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இக்கடிவாளத்தை மனிதன் தன் விருப்பப்படி கையாள முடியுமா? நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி இது. இருதயத்தையே நிறுத்திக் காட்டுவதாகச் சொல்லிய யோகிகளை ஆராய, 1935இல் தெரேஸ் பிரோஸ் என்ற பிரெஞ்சு நாட்டு மருத்துவ அம்மையார் கருவியுடன் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் 1957இல் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி ஆகிய இருவரும், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்தும் சேர்ந்து இவ்வாய்வை மேற்கொண்டனர். நால்வர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் மூவரின் மணிக்கட்டில் நாடி மெலிந்தது, சில வேளை மறைந்தே போயிற்று. மார்பில் ஒலியும் கேட்கவில்லை. ஆனால் இருதய மின்வரைபடம் மட்டும் துடிப்பைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி, குரல்வளையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால், இருதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது. துடித்த இருதயத்திற்கு அனுப்புவதற்குப் போதிய இரத்தம் இல்லை. நான்காமவரோ தம் இருதயத்தை உண்மையிலேயே வெகுவாக மெதுவாக்கிக் காட்டினார். 1961இல் வெளியான இம்முடிவு யோகத்தைப் பழிக்கவில்லை. வியப்பையும் உண்மையையும் பிரித்துக் காட்டிற்று. கடிவாளத்தைச் சற்று இழுக்கலாம். குதிரையை நிறுத்தியதாக மட்டும் எவரும் மெய்ப்பிக்கவில்லை. ஆதலின், வேடிக்கைக்காக இளைஞர்கள் மூச்சை அடக்கி முக்கிப் பார்ப்பதும், இருதய நோயுள்ளவர்கள் மலச்சிக்கலில் முக்குவதும் தவிர்க்கத் தக்கன.

எளிய சோதனை ஒன்றை நேயர்கள் இப்பொழுதே செய்து பார்க்கலாம். மணிக்கட்டில் விரலை வைத்து, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுங்கள். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதும், வெளிவிடும்போது தாழ்வதும் தெரியும்; இளைஞர்களிடம் இது நன்கு புலப்படும். வேகஸின் பிடி மூச்சோடு மாறுவதே காரணம்.

முகுளத்திற்குச் செய்தி சொல்லும் ஒற்றர்களும் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு நுனிகள், இரத்த அழுத்தத்தைக் கணந்தோறும் அறிந்து தெரிவிக்கின்றன. படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் இரத்தம் கால்களில் தேங்க, அழுத்தம் தாழ்கிறது. உடனே நாடி விரைகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. இவ்வேற்பாடு சில வேளை நிலை தடுமாறும். வெயிலில் நெடுநேரம் நின்றவரும், இரத்தத்தைக் கண்டு அஞ்சியவரும், திடீரென்று வேகஸ் ஓங்கிப் பரிவு நரம்புகள் தளர்வதால் மயங்கி விழுவர். அப்போது கூட்டம் கூடி, விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து வாயில் சோடாவை ஊற்றுவதைக் காண்கிறோம். இது பெருந் தவறு. அவருக்குத் தேவை மூளைக்கு இரத்தம். சமமாகப் படுக்க வைத்து, கால்களை உயர்த்திப் பிடித்து, காற்றோட்டம் விடுவதே முறை. மூச்சு இல்லையென்றாலோ, விரைவில் நினைவு திரும்பவில்லையென்றாலோ, ஒரு கணமும் தாமதியாது மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

நரம்பே இல்லாத இருதயம் எப்படியிருக்கும்? தில்லியில் 1994 ஆகஸ்டு 3ஆம் நாள் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்ற இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தனர். இவ்வாறு மாற்றி வைக்கப்பெற்ற இருதயத்தில் நரம்புகள் அறுபட்டிருப்பதால், ஓய்விலும் அது 90, 100 என்று துடிக்கும். உடற்பயிற்சியின்போது இரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலினுக்காகக் காத்திருந்து, தாமதமாகவே விரையும். ஆகவே அத்தகையவர் எதையும் மெல்லத் தொடங்க வேண்டும்.

நீரிழிவு மிகுந்த நம் தென்னாட்டினருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பல்லாண்டு கட்டுப்படாத நீரிழிவு இந்நரம்புகளை மெல்ல அரிக்கிறது. பெரும்பாலும் முதலில் கெடுவது வேகஸே. ஓய்விலும் தணியாத நாடி, எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். நோவை உணர்த்தும் நரம்புகளும் கெடுவதால், மாரடைப்பே வலியின்றி வந்து போகவும் கூடும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையின் அளவோடு, அமைதியாக அமர்ந்திருக்கும்போது தம் நாடியையும் எண்ணிப் பார்த்து, அது என்றும் விரைவாகவே இருந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பது நலம். அதற்கு ஒரு கடிகாரமும், ஒரு நிமிஷ அவகாசமும் போதும்.