கூட்டுக்குள் எட்டிப் பாருங்கள்



கைத்துப்பாக்கியிலிருந்து வெளியே தெறித்து விழும் காலிப் பித்தளைக் கூட்டைக் குப்பை என்றுதான் பலரும் நினைப்போம். அமெரிக்காவில் சுடுதளங்களுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறவர்களில் பலர் அதைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். தோட்டாவில் விலை கூடிய பாகமே அந்தக் கூடுதான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துலக்கி, வெடிமருந்து நிரப்பி, அதே கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ரீலோடிங் என்று அதற்குப் பெயர். அங்கே அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. வேண்டிய கருவிகள் கடையில் கிடைக்கும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே செய்முறைக்குள் நான் போகப்போவதில்லை. உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு கைவேலையைப் புதிதாகக் கற்கிறவர் எதில் கண்ணாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

தோட்டாவுக்கு நான்கே பாகங்கள்: கூடு, அதன் அடியில் பொட்டு வைத்தாற்போல் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை அழுத்தினால் ஊசி பிரைமரைக் குத்துகிறது. அதில் எழும் தீ மருந்தைப் பற்றவைக்க, மருந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது.

மேசையிலேயே வெடித்துவிடுமோ என்பதுதான் புதியவர்களின் பயம். இன்றைய புகையில்லா மருந்தைத் திறந்தவெளியில் பற்றவைத்தால் சர்ரென்று எரிந்து அடங்கிவிடும். இறுக அடைத்து வைத்தால்தான் ஆபத்து. அதனால்தான் வீட்டில் 20 பவுண்டுக்கு மேல் மருந்து வைத்திருப்பவர்கள் அதைக் குறைந்தது ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியில் வைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு விதி சொல்கிறது. இரும்புப் பெட்டகம் பாதுகாப்பாகத் தோன்றும். தீப்பிடித்தால் அதுவே வெடிகுண்டாகிவிடும். பிரைமர் சங்கதி வேறு. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து வெடிக்கும். வாங்கிய அட்டையிலிருந்து கொட்டிக் கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைப்பது பெரும் மடத்தனம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து அளவில் இருக்கிறது. மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிராமில் 15 கிரெய்னுக்கும் மேல் அடங்கும். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1898இல் வந்தது. இடத்தை அடைக்கும் பழைய கருமருந்தை மனத்தில் வைத்துச் செய்த கூடு அது. ஆகவே உள்ளே இடம் தாராளம். இன்றைய வேகமான மருந்தில் மூன்று நான்கு கிரெய்ன் போட்டாலே போதும், கூட்டின் அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். கை தவறி இரண்டாவது முறை ஊற்றினாலும் வழியாது. மேலே குண்டைச் செருகிவிட்டால் வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தோட்டா துப்பாக்கியையே கையில் பிளந்துவிடும்.

ஆகவே தேர்ந்த ஆசான்கள் புதியவருக்கு முதலில் சொல்வது, கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பக்கூடிய மருந்தாகத் தேர்ந்தெடு என்பதுதான். இரண்டு முறை ஊற்றினால் வழிந்து கொட்டி அதுவே காட்டிக்கொடுத்துவிடும். டிரெயில் பாஸ் என்ற மருந்தின் துணுக்குகள் நடுவில் ஓட்டையுள்ள வட்டங்களாக, கூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்படி வந்தன. .357 மேக்னம் தோட்டாவிலும் இதே அக்கறையைப் பார்க்கிறேன். .38க்கு அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. அதனால் மேக்னத்தின் கூட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளமாக்கிவிட்டார்கள்; பழைய .38 ரிவால்வருக்குள் அது போகவே போகாது. தவறு கண்ணில் படும்படியோ, நடக்கவே முடியாதபடியோ வேலையை அமைத்துக்கொள்வதுதான் இந்தக் கைவேலையில் புத்திசாலித்தனம். 'நான் கவனமாக இருப்பேன்' என்ற உறுதிமொழியை நான் நம்புவதில்லை.

மருந்து கூடினால் மட்டும்தான் ஆபத்தா? மருந்தே இல்லாவிட்டாலும் உயிர் போகும். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993 மார்ச் 31 அன்று வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் 'த குரோ' படப்பிடிப்பில் இறந்தார். வயது 28. அண்மைக் காட்சி ஒன்றில் நிஜத் தோட்டா போலத் தெரிய வேண்டும் என்று, தோட்டாக்களின் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி செருகியிருந்தார்கள். பிரைமரை அப்படியே விட்டுவிட்டார்கள். யாரோ விசையை அழுத்த, பிரைமரின் பலத்துக்கே குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொண்டது. குழலை யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் குண்டில்லாத ஓசைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு வெளியேறி அவர் வயிற்றில் பாய்ந்தது.

மருந்து நிரப்ப மறந்த தோட்டாவிலும் இதேதான் நடக்கும். பெரிய சத்தத்துக்குப் பதில் 'டப்' என்று சின்ன ஒலி. குண்டு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த குண்டு பின்னால் வந்து மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மாறிக் கேட்டால் சுடுவதை அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்; தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைச் சோதிக்க வேண்டும்.

கற்கத் தொடங்குபவருக்கு ஒரு முறைக்கு ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒற்றைப் பிரஸ் என்ற கருவியே நல்லது. நெம்புகோலை இழுக்க இழுக்கத் தோட்டா முடிந்து விழும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் வேகம் புதியவருக்கு ஆகாது. ஒற்றைப் பிரஸ்ஸில் 50 குழி உள்ள பலகையில் கூடுகளை நிறுத்தி மருந்து போட்டுவிட்டு, ஒரு குண்டையும் தொடாமல், டார்ச் விளக்கை மேலே பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் பக்கத்துக் கூடுகளோடு ஒப்பிடும்போது பளிச்சென்று தெரியும். நடுவில் போன் வந்து கவனம் சிதறினால், பலகையில் உள்ள மருந்து முழுவதையும் டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். பல மருந்துகள் பார்வைக்கு ஒரே கறுப்புத் துகள்கள். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

அளவுக்கு லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் சோதித்து அச்சிட்ட கையேடுகளே கதி. அதிலும் உச்ச அளவில் தொடங்காமல் கீழேயிருந்து ஏற வேண்டும். நண்பர் சொன்னார் என்பது கணக்கில் சேராது. குண்டை எவ்வளவு ஆழம் செருகுவது என்பதையும் கையேடு சொல்லும். 9 மில்லிமீட்டர் போன்ற சின்னக் கூட்டில் சற்று உள்ளே போனாலும் அழுத்தம் எகிறும்.

சுட்ட கூடுகளில் ஈயத் தூசு ஒட்டியிருக்கும். குழந்தைகள் புழங்கும் அறையில் அவற்றைத் துலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

செய்து முடித்த தோட்டா ஒன்றில் சந்தேகம் வந்தால் அதைச் சுட்டுப் பார்த்துத் தீர்க்க நினைக்க வேண்டாம். சுத்தியல் வடிவில் ஒரு கருவி விற்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்திக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே கழன்று வந்துவிடும். பெட்டிக்குப் பெட்டி மருந்தின் பெயர், எடை, நிரப்பிய தேதி எழுதி ஒட்டிவைக்க வேண்டும். அப்படிச் சீட்டு இல்லாத பெட்டியையும், இன்னொருவர் வீட்டில் நிரப்பிக் கொடுத்த தோட்டாவையும், கொடுத்தவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், துப்பாக்கியில் போட வேண்டாம்.