கடன் அறிக்கை: காசின்றிப் பெறுவோம், ஏமாறாது காப்போம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலம் வாங்குகிறவர் எவரும் வில்லங்கச் சான்று பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. பட்டாவில் ஓர் எழுத்துப் பிழையானாலும் தாலுகா அலுவலகத்திற்குப் பலமுறை நடக்கத் தயங்குவதில்லை. ஆனால், நம் பெயரில் எழுதப்பட்டு வரும் மற்றோர் ஏட்டை நம்மில் பலர் ஒருமுறையேனும் பார்த்ததில்லை. அதுவே கடன் தகவல் அறிக்கை.

நாம் வாங்கிய கடனையும், தவணை செலுத்திய விவரத்தையும் வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. பிறருக்காக நாம் இட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் ஏறக்கூடும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவை 300 முதல் 900 வரை வழங்கும் மதிப்பெண்ணையே மக்கள் 'சிபில் ஸ்கோர்' என்கின்றனர்.

கட்டி முடித்த கடன் நிலுவையென்று பதிவாகியிருக்கலாம். நாம் வாங்காத கடன் நம் பெயரில் நிற்கலாம். விதைப்பு வேளையில் வங்கி கைவிரித்த பிறகு இதை அறிந்து என்ன பயன்? கந்துவட்டிக்காரரின் வாசலே மிஞ்சும். ஆகவே முன்னதாகவே பார்த்து வைப்பது அறிவுடைமை.

இதற்குச் செலவு உண்டா? இல்லை. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2017 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும். நிறுவனங்கள் நான்காதலின், மூன்று மாதத்திற்கு ஒன்றாகப் பெற்றால் ஆண்டு முழுவதும் காவல் இருந்தவர்களாவோம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதனால் மதிப்பெண் குறைவதில்லை.

இலவசம் என்றவுடன் மோசக்காரரும் வந்துவிடுவர். ஆதலால் சில எச்சரிக்கைகள் கூறுவேன்.

முதலாவது, கைப்பேசிக்கு வரும் இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் சொந்த இணையதள முகவரியை நீங்களே எழுத்துப் பிழையின்றி இட்டுச் செல்லுங்கள். படித்த மகனோ மகளோ அருகிலிருந்து உதவலாம்.

இரண்டாவது, அங்குப் பெயர், பிறந்த தேதி, பான் எண், கைப்பேசி எண் முதலியன கேட்கப்படும். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை அப்பக்கத்தில் நீங்களே இடுங்கள்; எவர் கேட்டாலும் வாயால் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, இலவச அறிக்கைக்கு ஏடிஎம் அட்டை எண்ணோ, ரகசிய எண்ணோ தேவையில்லை. அவற்றைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கட்டணத் திட்டங்களும் அத்தளங்களில் உண்டு. ஆண்டு இலவச அறிக்கை எதுவென்று படித்துத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, "பணம் கொடுங்கள், ஸ்கோரை உயர்த்தித் தருகிறோம்" என்பாரை நம்பாதீர்கள். உண்மையான பாக்கியை எவராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க இயலாது. தவறான பதிவைத் திருத்தக் காசே வேண்டியதில்லை.

பிழை கண்டால் அந்நிறுவனத்திற்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் புகார் செய்யுங்கள். கடன் தீர்ந்த சான்றினை இணையுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிடில், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்பின்னும் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் அறிய 14448 என்னும் தொலைபேசி எண் உண்டு. பணத்தை ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

அங்கத்தினர்களே! அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இச்செய்தியை ஊராருக்கு எடுத்துரையுங்கள். மகளிர் குழுக்களுக்கும் சொல்லுங்கள். நிலத்தின் எல்லைக்கல்லைக் காப்பதுபோல் நம் நாணயத்தின் கணக்கையும் நாமே காப்போமாக.