எங்கும் இருப்பதாகச் சொல்லும் ஒரு சொல்

கைப்பேசி, பிளாஸ்டிக் பை, கண்காணிப்புக் கேமரா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற பொருள்களுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் ‘யுபிக்விட்டஸ்’ என்ற அடைமொழியைக் கொடுக்கின்றன. லத்தீனில் ‘உபி’ என்றால் எங்கே. ‘உபிக்வே’ என்றால் எங்கும். பிளாஸ்டிக் பைவரை இறங்கி வந்துவிட்ட இந்தச் சொல், ஒரு காலத்தில் இறையியல் சண்டையில் அடிபட்டது.

1529 அக்டோபர். ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லூதரும் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவருமே போப்பை எதிர்த்தவர்கள்தான். ஆனால் திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறதா என்பதில் தகராறு. அப்பத்தைத் தம் உடல் என்று இயேசு சொன்ன வாசகத்தை லூதர் முன்கூட்டியே சுண்ணக்கட்டியால் மேஜைமேல் எழுதி, வெல்வெட் துணியால் மூடிவைத்திருந்தார். ஆதாரம் கேட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். ஸ்விங்லி மசியவில்லை. கிறிஸ்து பரலோகத்தில் கடவுளின் வலப்பக்கம் இருக்கிறார், ஓர் உடல் ஒரே நேரத்தில் ஊர் ஊராக எப்படி இருக்கும் என்று மடக்கினார். கடவுளின் வலக்கரம் எட்டாத இடம் ஏது என்பது லூதர் தரப்பு. நம் ஊரில் தூணிலும் துரும்பிலும் என்பார்களே, கிட்டத்தட்ட அதே வாதம். அந்தத் தரப்பில் நின்றவர்களுக்கு ‘உபிக்விட்டேரியன்கள்’ என்று பெயர் விழுந்தது.

பிறகு பட்டாளம் அந்த லத்தீன் சொல்லைப் பிடித்துக்கொண்டது. 1832இல் மன்னர் நான்காம் வில்லியம், பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் ‘உபிக்வே’ என்ற முழக்கத்தை வழங்கினார். பொறியாளர்களின் பழைய கிண்டல் ஒன்று உண்டு: எங்களுக்கு அது ‘எங்கும்’, பீரங்கிக்காரர்களுக்கு ‘கண்ட இடத்தில்’. மெட்ராஸ் சாப்பர்ஸ் அடங்கிய இந்தியப் பொறியாளர் படையின் முழக்கமான ‘சர்வத்ர’வுக்கும் எங்கும் என்றே பொருள்.

1988இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மார்க் வைசர், உள்ளங்கை அளவிலும் சுவர் அளவிலும் கணினிகள் சூழ்ந்திருக்கும் காலத்துக்கு ‘யுபிக்விட்டஸ்’ என்ற சொல்லையே சூட்டினார். கண்ணில் படாமல் அவை வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

இந்தச் சொல்லைத் தொட்டவர்கள் எல்லோருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளும் விதிவிலக்கல்ல. 1975இல் தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு புரதம், 76 அமினோ அமிலங்கள் கொண்டது, எல்லா உயிர்களிலும் இருக்கும் என்று நம்பி ‘யுபிக்விட்டின்’ எனப் பெயரிட்டார்கள். செல்லுக்குள் அழிக்கவேண்டிய புரதங்களின்மேல் அடையாளமாக ஒட்டிக்கொள்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பாக்டீரியாக்களில் அது பொதுவாகக் கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை. அந்த அழிப்பு வேலையைக் கண்டறிந்ததற்காகச் செச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.