வாய்க்காலும் வடிகாலும்

மாணவ மாணவியரே,

காவிரிப் பாசன நாட்டில் பிறந்தோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் மட்டும் போதாது; மிகுந்த நீரைக் கொண்டு செல்லும் வடிகாலும் வேண்டும். வடிகால் தூர்ந்துபோனால் ஐப்பசி மழையில் பயிர் அழுகிவிடும். வயலுக்குரிய இந்நெறி ஊருக்கும் உரியதே.

பழைய தஞ்சை இதனை நன்கு உணர்ந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட செவ்வப்ப நாயக்கரின் பெயர் தாங்கிய ஏரி, நகருக்கு வெளியே மழைநீரைத் தேக்கியது. அந்நீர் பெரிய கோயிலை அடுத்துள்ள சிவகங்கைக் குளத்தை அடைந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்களின் வழியே நகரின் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் சென்றது.

இன்றைய நகரமோ கோட்டையையும் அகழியையும் கடந்து வளர்ந்துவிட்டது. 1866இல் நகராட்சியான தஞ்சை, 2014இல் மாநகராட்சி ஆயிற்று. 1959இல் மருத்துவக் கல்லூரியும், 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தோன்றின. மருத்துவக் கல்லூரிச் சாலையிலும் வல்லம் செல்லும் சாலையிலும் புதிய குடியிருப்புகள் பெருகின. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் வீடுகள் முதலில் எழுகின்றன. சாலையும் குழாயும் வடிகாலும் பின்னரே வருகின்றன. இது, கதிர் முற்றிய வயலில் வாய்க்கால் வெட்ட முனைவது போன்றதன்றோ?

இதற்கு அரசாங்கம் மட்டுமே பொறுப்பா? ஓய்வு பெற்றபின் நான் குடியேறிய தெருவில், ஒரு கார்த்திகை மழையின்போது முழங்கால் அளவு நீர் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் காலணிகளைக் கையில் ஏந்திச் சென்றனர். அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதக் கூடிய நாங்கள், எழுதுமுன் தெருவைச் சுற்றிப் பார்த்தோம். வீட்டு வாயிலுக்காக வடிகாலை மூடியவர்கள் நாங்களேதாம்! என் வீட்டுப் படியும் அவற்றுள் ஒன்று. அதை இடித்த பிறகே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன்.

கடமையைச் செய்தவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், குடிநீர், சாலை, துப்புரவு உள்ளிட்ட 18 பணிகளை நகராட்சிகளிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த விதிகள், வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் இடம் தந்தன. அங்கே பேசுவதற்குக் குரல் மட்டும் போதாது, விவரமும் வேண்டும்.

ஆகவே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் தெருவில் பெய்யும் மழைநீர் எங்கே சென்று சேர்கிறது? நடந்து பாருங்கள், படம் வரையுங்கள், அடைபட்ட இடங்களைக் குறியுங்கள். அப்படத்தைப் பெற்றோர் வாயிலாகப் பகுதி சபையின் முன் வையுங்கள். ஊரைச் சீர்திருத்தும் கல்வி உங்கள் வாயிற்படியிலிருந்தே தொடங்கட்டும்.